கண்ணாடியில் ஒட்டிய திங்கட்கிழமை

ஸ்டிக்கர் அக்காவிடம் கடைப் போர்டுக்கு ஸ்டிக்கர் எழுத்து வெட்ட வருகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் அப்புறம்தான். "கடை திறக்கிற தேதி முடிவாயிடுச்சா, இல்ல வாயில வந்ததைச் சொல்றீங்களா?" இதுதான் முதல் கேள்வி. காசு கொடுத்து நாலு எழுத்து வெட்டிக்கொண்டு போக வந்தவரிடம் இப்படியா கேட்பது என்றால், அவள் அப்படித்தான் கேட்பாள். வயது ஐம்பத்தொன்று. அந்தக் காம்ப்ளெக்ஸில் அறுபதைத் தாண்டிய, பூட்டு சாவி ரிப்பேர் செய்கிற சாவிக்காரர் உட்பட அத்தனை பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த உரிமையில் கேட்பாள்.

காம்ப்ளெக்ஸில் இருபத்தாறு கடைகள். பல பாஷைக்காரர்கள் வந்து போகிற இடம் என்பதால் போர்டெல்லாம் இங்கிலீஷில்தான். அக்கா தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு போர்டில் தப்பு விட்டு, ஊர் சிரித்து, அதைத் தன் கைக்காசில் திரும்ப வெட்டிக் கொடுக்க நேர்ந்தது. மறுநாளே ஒரு இங்கிலீஷ் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், அவள் வெட்டிய எழுத்து ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அந்த வகுப்பில் எழுதிய நீல அட்டை நோட்டு இன்னும் அவள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிப் போயிருக்கும். இனிமேல் நடக்கப் போவதை இங்கிலீஷ்காரன் எத்தனை விதமாகச் சொல்கிறான் என்பதை எழுதிய பக்கம் அது.

அக்காவுக்கு அது இலக்கணம் இல்லை, ஆளை எடை போடுகிற கணக்கு. 'வில்' என்றால் நின்ற இடத்தில் நினைத்தது; வாக்குக் கொடுக்கும்போதும் அதுதான் வரும். 'கோயிங் டு' என்றால் முன்பே மனசுக்குள் முடிவு செய்தது. 'ஓப்பனிங் ஆன்' என்று தேதி போட்டால் நாலு பேரிடம் சொல்லி ஏற்பாடு செய்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ரயில் ஆறு மணிக்குக் கிளம்புகிறது என்கிறோமே, அந்த மாதிரி, நாளைய விஷயத்தை இன்றைக்கு நடப்பதுபோல் சொல்வது. 'ஓப்பன்ஸ் ஆன் மண்டே.' அட்டவணையில் ஏறிவிட்டது, இனி யாரும் அசைக்க முடியாது என்று அர்த்தம். மாடியில் இருக்கிற பல் டாக்டர் அந்த மாதிரிதான் வெட்டிக்கொண்டு போனார். சொன்ன தேதியில் காலை ஒன்பது மணிக்கு 'ர்ர்ர்' என்று மிஷின் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. உடற்பயிற்சிக் கூடம் வைக்கப் போவதாக வந்தவர் 'வில்' தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த அறையில் இப்போது யாரோ அட்டைப் பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் இப்படிப் பேச்சிலேயே நாடி பிடித்துப் பார்க்கிற அக்காவுக்குத் தன் கூடப் பிறந்தவளிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

சின்னவளுக்கு நாற்பத்தி நாலு வயது. பெரிய துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் பதினாறு வருஷம் ஆல்ட்டரேஷன் வேலை பார்த்தவள். இடுப்பு பிடிப்பது, பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கால் உயரம் குறைத்து ஓரம் அடிப்பது. சும்மா சொல்லக் கூடாது, அவள் பிரித்துத் தைத்த இடத்தைத் தைத்தவளே தேடினாலும் கிடைக்காது. சேர்த்து வைத்த பணத்தில் அக்காவின் கடைக்கு எதிர்வரிசையில், இரண்டு கதவு தள்ளி, ஒரு சின்னக் கடை எடுத்தாள். வாடகை ஒரு மாதமும் பாக்கி இல்லை. மிஷின் வந்தது, கத்தரிகள் வந்தன, நூல்கண்டுகள் நிறவாரியாகச் சுவரில் ஏறின. எல்லாம் வந்தன. கடை மட்டும் திறக்கவில்லை.

எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது மாதம் நடக்கிறது. கண்ணாடிக் கதவில் போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் 'ஓப்பனிங் சூன்'. மூன்றாவது மாதம் வந்து, "அக்கா, அதை 'ஓப்பனிங் ஷார்ட்லி'ன்னு மாத்திக் கொடேன்" என்றாள்.

"சூனுக்கும் ஷார்ட்லிக்கும் என்னடி வித்தியாசம்?"

"ஷார்ட்லி கொஞ்சம் கிட்டத்துல இருக்குற மாதிரி இருக்கு."

ஐந்தாவது மாதம் 'வில் ஓப்பன் சூன்'. ஏழாவது மாதம், "வி ஆர் கோயிங் டு ஓப்பன்னு போட்டுடலாமா?" என்று வந்து நின்றாள். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறதே! "தேதி சொல்லு" என்று கம்ப்யூட்டரை இழுத்து முன்னால் வைத்தாள். "தேதி எதுக்கு? அதான் திறக்கப் போறோம்னு இருக்கே" என்றாள் சின்னவள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவள் தினமும் பத்து மணிக்கு வந்து கதவைத் திறந்து, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் ஐந்து மணி வரை தைப்பாள். வீட்டுத் துணி, அக்கா துணி, பழைய துணி. ஒருநாள் ஒருவர் கையில் பேண்ட்டோடு வந்து கதவைத் தட்டினார். இவள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "இன்னும் திறக்கல சார்" என்றாள். பின்னால் மிஷின் விளக்கு எரிகிறது, கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது. அந்த மனிதர் பேண்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். எதிரே இருந்து பார்த்த அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொள்ளவும் செய்தாள்.

அந்த வியாழக்கிழமை கட்டட ஓனர் வந்தார். ஓனரைக் கண்டால் சின்னவள் திரைக்குப் பின்னால் போய்விடுவாள் என்பதால், அவர் நேராக அக்காவிடமே வந்தார். மிரட்டுகிற மனிதர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"ஒப்பந்தத்துல இருக்கும்மா. ஒன்பது மாசம் கடை திறக்கலைன்னா எடம் எனக்குத் திரும்பி வரணும். வாடகை வருதே, உனக்கென்னன்னு கேக்கலாம். ஒரு கதவு மூடியே கெடந்தா அந்த வரிசைக்கே ஆள் வர மாட்டேங்குது. பக்கத்துக் கடைக்காரங்க என்னைத்தானே கேக்குறாங்க?"

"எப்ப வரைக்கும்ங்க?"

"திங்கட்கிழமை. அன்னிக்குக் கடை நடக்கணும், ஆள் வந்து போகணும். நானே வந்து பாப்பேன். இல்லேன்னா செவ்வாய்க்கிழமை சாவியைக் கொடுத்துடச் சொல்லுங்க. மொபைல் கவர் விக்கிறவர் ஒருத்தர் ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருக்காரு."

 இந்த இடம் போனால் சின்னவள் இன்னொரு இடம் பார்க்க மாட்டாள். மறுபடி யாரோ ஒருத்தர் கடையின் பின்கட்டுக்குத்தான் போவாள். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவள் அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். அக்கா, அவள் வீட்டுக்காரர், சின்னவள் என்று சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். அன்று சாயங்காலம் தட்டு வைத்த உடனே அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தாள். சின்னவள் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.

"என்னத்தடி பாக்கலாம்? எட்டு மாசமா நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாப்பிடும்போது சண்டை அவருக்கு ஆகாது. "மெதுவா, மெதுவா" என்று கையைக் காட்டினார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள் சின்னவள். குரல் ஒன்றும் உடையவில்லை, மணி என்ன என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அன்னிக்கு மாதிரி ஆயிட்டா?"

அன்றைக்கு என்றால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். சின்னவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. வேறொரு தெருவில் ஒரு தையல் கடை வைத்தாள். புதுத் துணி உடுத்திக்கொண்டு, வாடகைக்குப் பத்து நாற்காலி எடுத்துப் போட்டு, வாசலில் நின்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஒரு ஆள் வந்தார். தபால் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்க வந்தார். சின்னவள் வழி சொன்னாள். நாற்காலிக்காரர் வந்து பத்து நாற்காலியையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனபோது தெருவே பார்த்தது. மூன்று வாரத்தில் கடையை மூடினாள். அதைப் பற்றி அவள் பேசியது பதினெட்டு வருஷத்தில் அன்றுதான்.

"சூன்னு போட்டிருக்குற வரைக்கும் யாரும் வரலைன்னு ஆகாதுல்ல?" என்றாள். "இன்னும் திறக்கல, அதான் வரல. அவ்ளோதான்."

 டிரைவர் தட்டை வழித்துக்கொண்டே சொன்னார்: "காலையில ஆறு பத்துக்கு என் முதல் டிரிப். பாதி நாள் டெப்போவுல ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

"யாருமே இல்லாம ஓட்டிட்டுப் போறது கூச்சமா இருக்காதா அத்தான்?"

"எதுக்கு? ஆறு பத்து ஆச்சு, எடுத்தேன். ஆறு பத்துன்னு போட்டவன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான். ஆள் வரலைன்னா அவனைக் கேளு, என்னை ஏன் கேக்குறே?"

சின்னவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சாப்பிடாமலே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா ஏழரைக்கெல்லாம் கடையில் இருந்தாள். கடைக்காரர் வாயால் சொல்லாத தேதியை வெட்டக் கூடாது என்பது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம். எத்தனை பேரை அந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! இன்றைக்கு அதை அவளே மீறப் போகிறாள். கம்ப்யூட்டரில் எல்லாம் பெரிய எழுத்தாக அடித்தாள். 'வி ஓப்பன் ஆன் மண்டே, நைன் ஏ.எம்.' சூனும் இல்லை, வில்லும் இல்லை. ரயில் கிளம்புகிற மாதிரி ஒரு வாக்கியம். மிஷின் கிரீச் கிரீச்சென்று வெள்ளை ஸ்டிக்கர் தாளில் வெட்டி முடித்தது. வேண்டாததை உரித்து எடுத்து, எழுத்து கலையாமல் இருக்க மேலே ஒட்டுத் தாளைப் போர்த்தி, சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காம்ப்ளெக்ஸுக்குத்தான் பெரிய கேட். கடைகளுக்கு வெறும் கண்ணாடிக் கதவு. சின்னவளின் கதவுச் சாவி அக்காவிடம் இல்லை. சாவிக்காரரிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் திறந்து கொடுப்பார். ஆனால் அது திருட்டு. கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டினால் திருட்டு இல்லை, வெறும் அதிகப்பிரசங்கித்தனம். உட்பக்கம் ஒட்டியிருந்த 'கோயிங் டு' போர்டுக்குக் கீழே, வெளிக் கண்ணாடியில் அக்கா சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். தாளை வைத்து, பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்துத் தேய்த்தாள்.   ஒட்டுத் தாளை உரித்தாள், ஒரு பார்வை பார்த்தாள், ஓட்டமும் நடையுமாகத் தன் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குச் சின்னவள் வந்தாள். கதவின் முன்னால் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், இன்னொரு பக்கம் சாய்த்தாள். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா புயலுக்குக் காத்திருந்தாள். பத்தரை ஆயிற்று. சின்னவள் வெளியே வரவில்லை. பதினொன்றாயிற்று. சாவிக்காரர் தோளில் துண்டோடு வந்து கடை வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க்கா, தங்கச்சி கதவுல புதுசா ஒண்ணு ஒட்டியிருக்கீங்களே, அது எந்த நாட்டுப் பாஷை?"

"என்ன அண்ணே, இங்கிலீஷ்தான்."

"அப்படியா? எனக்கு எழுத்தெல்லாம் கோவிச்சுக்கிட்டு முதுகைக் காட்டி நிக்கிற மாதிரி இருக்கு."

அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். பார்த்தவுடனே புரிந்தது. மானம் போயிற்று.

கண்ணாடிக்கு வெட்டுகிற எழுத்தை எப்போதும் திருப்பித்தான் வெட்டுவாள், கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி. ஏனென்றால் எப்போதும் உட்பக்கம் ஒட்டுவாள். வெளிப்பக்கம் ஒட்டினால் துடைக்கிறவர்கள் சுரண்டிவிடுவார்கள், போகிற வருகிற பிள்ளைகள் உரித்துவிடுவார்கள். அவள் கம்ப்யூட்டரில் 'திருப்பு' என்கிற கட்டத்தில் வைத்த குறியை எடுத்தே வருஷக் கணக்காயிற்று. திருப்பி வெட்டியதை உள்ளே ஒட்டினால் வெளியே நேராகத் தெரியும். வெளியே ஒட்டினால்? தெருவில் போகிறவனுக்கு ஒன்றும் புரியாது. எழுத்தைத் திருப்பியே பார்த்துப் பழகின அவள் கண்ணுக்கு அது காலையில் உறைக்கவே இல்லை. ஏதோ டபிள்யூவும் ஓவும் எம்மும் இடம் வலமாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகள் என்பதால் அங்கங்கே ஒன்றிரண்டு சரியாக இருந்தன. மற்றதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

ஓடிப் போய் பிளேடும் சோப்புத் தண்ணீரும் எடுத்து வந்தாள். முதல் எழுத்தின் ஓரத்தில் பிளேடை வைத்ததும், உள்ளேயிருந்து டக் டக்கென்று கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கதவைத் திறந்து, "உள்ள வா" என்றாள்.

திரை பாதி ஒதுங்கியிருந்தது; அக்கா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். வராந்தா வெளிச்சம் பின்னால் இருக்க, கண்ணாடியில் எழுத்தெல்லாம் நேராக, திருத்தமாக, உள்ளே பார்த்து நின்றன. தையல் மிஷினின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நேரே கண்ணில் படுகிற உயரம். திங்கட்கிழமை திறக்கிறோம், காலை ஒன்பது மணி.

"ஒரு மணி நேரமா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் சின்னவள். "நான் உன்னைக் கேட்டேனா? யாரைக் கேட்டு என் கதவுல தேதி போட்டே?"

"தப்புதான்டி. எடுத்துடறேன். சரியா வெட்டி..."

"தேதி போட்டது தப்பா, திருப்பிப் போட்டது தப்பா?"

அக்கா யோசித்தாள். "ரெண்டும்தான்" என்றாள்.

சின்னவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "எடுக்காதே" என்றாள்.

"என்னது?"

"அப்படியே இருக்கட்டும். திங்கட்கிழமை நான் திறக்கிறேன்."

"நிஜமாவா? அப்ப சரியா வெட்டி ஒட்டினாத்தானேடி நாலு பேருக்குத் தெரியும்!"

"அதான் வேண்டாங்கறேன். இப்ப வெளியில யாருக்கும் அது படிக்க வராது. அன்னிக்கு ஒருத்தரும் வரலைன்னா என்ன அர்த்தம்? எங்க அக்கா போர்டைத் தப்பா ஒட்டிட்டா, அதான் வரலை. ஆறு பத்துன்னு போட்டவ நீ. என்னை ஒண்ணும் கேக்க முடியாது." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "உன்னால தாங்க முடியுமா?"

இது லேசுப்பட்ட கேள்வி இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் மூன்று நாள் அந்தக் கதவு காம்ப்ளெக்ஸின் நட்டநடுவே அப்படியே நிற்கும். அதை வெட்டியது யார் என்று அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் கிடையாது. மற்றவர் போர்டில் ஒரு புள்ளி விட்டுப் போனால்கூட வராந்தாவில் நின்று சத்தமாகச் சொல்லிக் காட்டுகிறவள் அவள். அக்கா பிளேடைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நாற்காலிக்காரர் வந்தபோது வாசலில் நின்ற அதே முகம். பிளேடை மடக்கித் தாளில் சுற்றினாள்.

"தாங்கிக்கிறேன்" என்றாள்.

தாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. பல் டாக்டர் கீழே இறங்கி வந்து, "எதுக்கும் என் போர்டையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். சாவிக்காரர் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, போகிறவர்களை நிறுத்தி அதில் படித்துக் காட்ட ஆரம்பித்தார். அக்கா போய் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். படிக்கக் கூடாது என்பதுதானே சின்னவளின் நிபந்தனை! கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "ஆமா, தப்பாத்தான் ஒட்டிட்டேன். இப்ப என்ன?" சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பதிலை அவள் முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் சின்னவள் வந்தாள். புதுத் துணி இல்லை, தினமும் உடுத்துகிறதுதான். "நீ இந்தப் பக்கம் வரவே கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அக்கா தன் கடையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சின்னவள் பழைய 'கோயிங் டு' போர்டை உள்ளிருந்து சுரண்டி எடுத்தாள். ஒன்பது மணிக்குக் கதவின் பூட்டு கழன்றது. திரை முழுவதும் ஒதுங்கியது. மிஷின், நூல்கண்டுச் சுவர், ஸ்டூலில் சின்னவள், எல்லாம் வெளியே தெரிந்தன.

ஒன்பதே கால். ஒருவரும் வரவில்லை. ஒன்பதரை. ஒருவரும் வரவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரையாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். சாவிக்காரரைப் போகச் சொல்லலாமா? அது அந்தப் பத்து நாற்காலியைவிடக் கேவலம். உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கையில் பையோடு ஒரு அம்மாள் வராந்தாவில் போனார். சின்னவளின் கதவைத் தாண்டியவர் நின்றார், திரும்பி வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து, தன் வழியே போய்விட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கூரியர் கொண்டுவருகிற ஒருத்தர் நின்றார், தலையைச் சாய்த்தார், உள்ளே போனார். பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி. பிறகு கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு ஆபீஸ்காரர்கள். போகிறவர்கள் எல்லாரும் வாசலில் தலையைச் சாய்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார்கள். அதில் ஒருத்தர் போன வேகத்தில் திரும்பி வந்து, பத்து நிமிஷத்தில் தோளில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

பதினொன்றரைக்கு ஓனர் வந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் மூன்று பேர் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மிஷினில் குனிந்திருந்தாள். ஓனர் வெளியே நின்றபடியே பார்த்தார். அவரும் தலையைச் சாய்த்தார். நேராக அக்காவிடம் வந்தார்.

"பரவாயில்லையே, முதல் நாளே இவ்வளவு கூட்டமா?" என்றார். "மொபைல் கவர்காரருக்கு வேற எடம் பாக்கணும். ஆமா, அந்தப் போர்டு ஏன் அப்படி இருக்கு?"

"தப்பா ஒட்டிட்டேங்க" என்றாள் அக்கா. முப்பத்தோராவது தடவையாக அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓனர் பயந்துபோய், "அதுக்கு ஏம்மா, விடுங்க, விடுங்க" என்றார்.

ஐந்து மணிக்குச் சின்னவள் வந்தாள். கையில் புது நோட்டு. மேசையின் எதிரே உட்கார்ந்து, அக்காவின் பாட்டிலை எடுத்து மடமடவென்று பாதித் தண்ணீரைக் குடித்தாள்.

"பதினேழு பேர் வந்தாங்கக்கா."

"பதினேழா!"

"பதினேழு பேரும் ஒண்ணைத்தான் சொன்னாங்க. உங்க போர்டு திருப்பி ஒட்டியிருக்குங்க, பாத்தீங்களா, தெரியுமா, யாருங்க ஒட்டினது? உள்ள வந்து அதைச் சொல்லாம யாராலயும் போக முடியல. சொல்லிட்டு அப்படியே நூலைப் பாக்குறாங்க, மிஷினைப் பாக்குறாங்க. ஜிப் மாத்துவீங்களான்னு கேக்குறாங்க." நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "ஏழு பேர் துணி கொடுத்திருக்காங்க. எனக்கு நாக்கு வத்திப் போச்சு."

அக்காவால் சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நோட்டை வாங்கி ஏழு வரியையும் படித்தாள். பேண்ட் கால், பேண்ட் இடுப்பு, கோட்டுக் கை, ஜிப், ஜிப், பள்ளிக்கூடப் பாவாடை, ஜிப். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இனிமே அதை எடுத்துடலாம்ல?" என்று கேட்டாள். "என் பேரு நாறுதுடி."

"எடுத்துடு. புதுசு ஒண்ணு வெட்டு."

அக்கா பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னன்னு போடணும்? தேதி?"

"தேதி எதுக்கு? திறந்தாச்சுல்ல. 'ஓப்பன்'னு ஒரே வார்த்தை போதும்."

"உள்ள ஒட்டணுமா, வெளியிலயா?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க வேணா ஒட்டு. வெளிய நிக்கிறவங்க படிக்கணும்" என்றாள்.

நாலே எழுத்து. அதற்கு அக்கா முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். 'திருப்பு' கட்டத்தில் குறி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். உட்பக்கம் ஒட்டிவிட்டு, தன் கண்ணை நம்பாமல், "வெளிய போய்ப் பாருடி, சரியா இருக்கா?" என்று தங்கையை அனுப்பினாள். சின்னவள் வராந்தாவில் போய் நின்று, பல் டாக்டர் கிளினிக் மாடிப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி அதைச் சத்தமாகப் படித்தாள்.